போனுக்குச் சொன்ன பாடம்

நர்ஸ் வேலையில் ஊசி போடச் சீக்கிரம் பழகிவிடலாம், மனிதர்களிடம் பேசப் பழகுவதுதான் லேசில்லை. வார்டில் "வெளிய போங்க, வெளிய போங்க" என்று கத்தித் தொண்டை கட்டிப்போன சகோதரிகளே, அந்தக் கத்தலை வாங்கிக்கொண்டு வராந்தாவில் நின்றவர்களே, இது நம் எல்லோருக்கும்தான்.

கைதட்டல்

அறந்தாங்கியில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். நோயாளியின் வீட்டாரை விரட்டாமல், வீட்டில் எப்படிக் கவனிப்பது என்று சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டுமாம். கட்டிலில் ஒரு பொம்மையைக் கிடத்தி, கூட வேலை பார்க்கும் மேரியை அதன் மகளாக உட்காரவைத்தார்கள். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவதை நான் விளக்கினேன். கைதட்டல் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேரி மட்டும் காதோரம் சொன்னாள்: "பொம்மகிட்ட இம்புட்டுப் பொறுமையாப் பேசுறியே, நாளைக்கு மனுசங்ககிட்டயும் பேசுடி."

நல்ல சிக்னல்

வல்லத்திராக்கோட்டைக்காரர் ஒருவர் பக்கவாதம் வந்து, விழுங்க முடியாமல் மூக்குக் குழாயோடு இருந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று அவர் மகன் துபாயிலிருந்து வீடியோ காலில் வந்தார். மருமகள் செல்வி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தலைமாட்டை உயர்த்தி, கஞ்சி ஊற்றிக் காட்டி, ஊற்றிய கையோடு படுக்கவைக்கக் கூடாது என்று திரையைப் பார்த்து நிதானமாகச் சொன்னேன். செல்வியிடமும் பேசாமல் இல்லை. "இன்னும் கொஞ்சம் மேல தூக்கும்மா, இங்கிட்டுத் திருப்பு, அவருக்குத் தெரியல" என்றேன். மகனுக்குப் பரம திருப்தி. "ரொம்ப நன்றி சிஸ்டர், எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு."

டாக்டர் கேட்டது

அந்த வாரமே அவரை மூச்சுத் திணறலோடு தூக்கி வந்தார்கள். தலைமாட்டை உயர்த்தாமல் மட்டமாகப் படுக்கவைத்து ஊற்றியதில் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போயிருந்தது. ஆக்சிஜன் வைத்தும் பிழைப்பாரா என்று சொல்ல முடியவில்லை. டாக்டர் செல்வியிடம் எரிந்து விழுந்தார்: "ஒனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலையாம்மா?"

நான் பக்கத்திலேயே நின்றேன். போனுக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. டிரிப் பாட்டிலைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன். செல்வி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சொன்னாங்க சார். நான்தான் சரியாக் கேக்கல."

செல்வி சொன்னது

எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். அதில் ஆறுதலும் பட்டுக்கொண்டேன், வெட்கங்கெட்டவள். டாக்டர் போனதும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவளிடம் கேட்டேன். மாமனாரின் போர்வையை இழுத்துவிட்டபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒங்களக் காட்டிக்குடுத்துட்டு நான் எங்கிட்டுங்க போறது? நாளைக்கும் மாமாவ நீங்கதான பாக்கணும்."

டாக்டரிடம் உண்மையைச் சொல்ல மறுநாள்தான் எனக்கு வாய் வந்தது. பெரியவர் தேறினார். இந்த முறை கஞ்சி ஊற்றியது செல்வி, போனைப் பிடித்து நின்றது நான்.

வீட்டாரைச் சேர்த்துக்கொள்ள எங்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள், எங்களைக் கண்டு பயப்படாமலிருக்க அவர்களுக்கு யார் கொடுப்பார்கள் என்றுதான் தெரியவில்லை.