கதவில் நிற்கிற பெயர்கள்

வீட்டுக் கதவுகளுக்குப் பெயர்ப்பலகை செய்வது என் பிழைப்பு. மராத்தி பேசும் ஔந்தில் கடை. ஊரார் பெயரையெல்லாம் பித்தளையிலும் மரத்திலும் பொறிக்கிற எனக்கு, என் பெயர் வந்த கதைமேல் மட்டும் பல வருஷமாகச் சந்தேகம்.

என் பெயர் பிச்சைமுத்து. திருத்தணிப் படிக்கட்டில் ஒரு பண்டாரம் நெற்றியில் திருநீறு பூசி, "இவனுக்குப் பிச்சைன்னு பேர் வை" என்று சொன்னதாக அம்மா சொல்வாள். இன்னொரு தடவை கேட்டால் வடபழனி என்பாள். பண்டாரம் சில சமயம் கிழவர், சில சமயம் வாலிபர். கதை பொய்யாக இருந்தால் எனக்கு நஷ்டமில்லை. ஆனால் எதை மூடி வைக்க அந்தப் பொய்? பலகையை இழைக்கும்போதெல்லாம் அது மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்பாக்கள் குடியேறிய வீடு

தமிழ்ப் பெயரோடு வடக்கே பிழைக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு அது கிடையாது. அப்பா பெயரைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். ஔந்தில் பாதிப் பேருக்கு நான் முனுசாமி. அப்பா போய்ப் பல வருஷமாகிறது. தெருவில் யாராவது அவரைக் கூப்பிட்டால் இன்றும் நான்தான் திரும்புகிறேன்.

ஹடப்சரில் புதிதாக ஃபிளாட் வாங்கிய ஒரு தமிழ்ஜோடி வந்தது. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. பக்கத்து வீடுகளில் இருப்பதுபோலக் குடும்பப் பெயர் மட்டும் போதும் என்றான் பையன். "ராஜேந்திரன் – செல்வராஜ்" என்று பொறித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் பலகையைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "அங்கிள், குடித்தனம் பண்றது நாங்க, கதவுல நிக்கிறது எங்க அப்பாங்களா?"

தட்டில் பரப்பிய அரிசி

மராத்திக் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. தட்டில் அரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை மோதிரத்தால் பெண்ணுக்குப் புதுப் பெயர் எழுதுவார். அன்றிலிருந்து அவள் அந்தப் பெயர்க்காரி. இப்போது பலர் விட்டுவிட்டார்கள். என்னிடம் வந்த சுனந்தா பாயி அந்தக் காலத்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். மாலதியாகப் பிறந்து, அரிசித் தட்டில் சுனந்தா ஆனவர்.

இரண்டு பலகை கேட்டார். வாசலுக்குப் பெரியதாக சுனந்தா. உள்ளங்கை அளவில் இன்னொன்று, மாலதி. அதை எங்கே மாட்டப்போகிறீர்கள் என்றேன். சமையலறை ஜன்னலுக்கு மேலே என்றார். வெளியே மழை பிடித்துக்கொண்டது, அவர் சிறிய பலகையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மராத்தியில் சொன்னார்: "சுனந்தாவைத் தேடி ஊரே வரும். மாலதியை நான் மட்டும் கூப்பிட்டுக்குவேன்."

தண்ணீருக்கடியில் ஒரு ஊர்

இங்கே பல குடும்பப் பெயர்கள் 'கர்' என்று முடியும். முன்னால் இருப்பது ஊர். இன்ன ஊர்க்காரர் என்று அர்த்தம். தளேகாவ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும், அப்படிப் பெயருள்ள ஒருவரிடம், உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன். அணை கட்டியபோது மூழ்கிவிட்டதாம். அவருடைய அப்பாகூட அதைப் பார்த்ததில்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. தண்ணீருக்குள் கதவுகள் மெல்லத் திறந்து மூடுவதுபோல் இருந்தது. அவருக்கோ அதில் வருத்தமே தெரியவில்லை. "கடுங்கோடையில கோயில் கலசம் வெளியே தெரியும், முனுசாமி. அப்போ போய் எங்க பேர் இன்னும் இருக்கான்னு பார்த்துட்டு வருவோம்."

கல்

போன மழைக்காலத்தில் ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பாவின் பெயர் தக்டு. மராத்தியில் கல் என்று அர்த்தம். புது ஃபிளாட் வாசலில் அந்தப் பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும் என்றான் மகன். "முழுசாப் போடு" என்றார் அவர். மகன் போன் பேசுகிற சாக்கில் வெளியே போய்விட்டான்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு முன்னாடி மூணு பேர். ஸ்ரீகாந்த், மாதவ், முகுந்த். அழகழகான பேரு. அம்மா கூப்பிட்டது எமனுக்கும் கேட்டுடுச்சு போல, மூணும் நிக்கல. நாலாவதுக்குக் கல்லுன்னு வெச்சாங்க. தெருவில கெடக்கிற கல்லை எவன் குனிஞ்சு எடுப்பான்?" சிரித்தார். "முனுசாமிங்கறது உங்க அப்பா பேராமே, உன் பேரு என்ன?"

சொன்னேன். அர்த்தம் கேட்டார். பிச்சையாகக் கிடைத்தது என்றேன். அவர் சிரிப்பு நின்றது. மரத்தூள் அப்பியிருந்த என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்போ நீயும் எங்க கூட்டம்தான். உனக்கு முன்னாடி எத்தனை பேர் போனாங்க?"

அம்மா

நான் ஒரே பிள்ளை என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா மேத்தி என்கிற வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து தக்டுவின் கதையைச் சொன்னேன். மூன்று பெயர்களையும் சொன்னேன். கீரையில் இருந்த கை நின்றது. தண்டு எது, இலை எது என்று தெரியாததுபோல் இரண்டையும் ஒரே தட்டில் போட ஆரம்பித்தாள்.

"எல்லாம் சாமி குடுத்ததுடா தம்பி. திருத்தணியில அந்தப் பண்டாரம்..." என்று தொடங்கினாள். குரல் பாதியில் இறங்கிவிட்டது. அந்தக் கதையை அவள் முடிக்காமல் விட்டது அன்றுதான். அது பொய்யா என்று கேட்க எனக்கும் மனமில்லை. இத்தனை வருஷம் அவள் அதைப் பிடித்துக்கொண்டுதானே நின்றிருக்கிறாள்?

ஊரெல்லாம் பெயர் கேட்டுக் கேட்டுப் பொறித்தவனுக்கு, சொந்த வீட்டில் ஒரு பெயரைக் கேட்க இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

"எனக்கு முன்னாடி பொறந்தவனுக்கு இன்னா பேரும்மா வெச்சீங்க?"