முழங்கை உயரம்

கைபேசித் திரை முழுக்க ஒரு முழங்கை. அந்த அண்ணனை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். சவூதியில் ஏதோ ஓர் ஊரில், கட்டில்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் அறையில், செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சுவராக நின்று கையை மடக்கிக் காட்டினார். அறைத்தோழர் ஒருவர் தரையிலிருந்து டேப்பை இழுத்து முழங்கை வரை பிடித்து, அளவை உரக்கச் சொன்னார். பின்னாலிருந்து யாரோ, “என்ன மாப்ளே, சட்டை தைக்கப் போறியா?” என்று கேட்க, “சட்டை இல்லடா, அடுப்படி” என்றார் அண்ணன். பாபநாசம் பக்கத்தில் பூச்சுவேலை முடிந்திருந்த அவருடைய புது வீட்டில், அவர் மனைவி நீட்டிப் பிடித்திருந்த போனைப் பார்த்து நான் அந்த அளவைக் குறித்துக்கொண்டேன்.

தஞ்சாவூரில் மாடுலர் கிச்சன் செய்து கொடுப்பது என் தொழில். அப்போது தொழிலுக்குப் புதிது. சமைக்கிறவர் நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ, அதற்கு நாலு விரற்கடை கீழே மேடை இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அதனால் வழக்கம்போல அந்த வீட்டு அக்காவைத்தான் அளக்கப் போனேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “எனக்கு எதுக்கும்மா? அவங்கதான் ஆக்கப் போறாங்க. அவங்களக் கேளுங்க” என்று வெட்கத்தோடு சிரித்தார். அண்ணன் அங்கே ஒரு ஹோட்டலில் சமையல்காரர். விசாவை கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடும் முடிவில் இருந்தார். ஆறடிக்குக் குறையாத ஆள். குட்டை மேடைகளில் குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது என்றார். “அண்ணே, நீங்க சொல்ற உயரத்துல போட்டா மேடை அக்கா நெஞ்சுக்கு வருமே” என்றேன். “அவ எதுக்குங்க நிக்கணும்? இத்தனை வருசம் நின்னாச்சு. இனிமே உக்காந்து சாப்பிடட்டும்.” ஜன்னலையும் அவர் கண் உயரத்துக்குத்தான் கேட்டார். ஹோட்டல் சமையற்கட்டில் ஜன்னலே கிடையாதாம். வெங்காயம் நறுக்கும்போது வாய்க்காலும் அதற்கப்பால் வயலும் தெரிய வேண்டுமாம். எத்தனையோ ஆண்களோடு கிச்சன் பற்றிப் பேசியிருக்கிறேன். பெரும்பாலும் கிரானைட்டின் நிறத்தோடு அவர்கள் அக்கறை முடிந்துவிடும். தான் நிற்கப் போகும் இடம் என்று பேசியவர் இவர் ஒருவர்தான்.

கிரானைட் இறங்குவதற்குள் அவர் போய்விட்டார். படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். வேலையை நிறுத்துவதா தொடர்வதா என்று கேட்கப் போனபோது கூடத்தில் உறவுக்கார ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனின் தம்பி, “பொம்பளைங்க புழங்குற உயரத்துக்கே போட்டுடுங்க” என்றார். நியாயமான பேச்சுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியது. அவர் இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பின் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. நான் பெண் என்பதால் உள்ளே போக முடிந்தது. வெள்ளைப் புடவையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பள்ளிக்கூடச் சீருடையோடு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். “அவங்க சொன்ன அளவுலயே போடுங்கம்மா” என்றார். நான் தயங்குவதைப் பார்த்து, “எந்த இடத்துல அடக்கம் பண்ணுனாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. அவங்க அளவுல இங்க இருக்கப்போறது இது ஒண்ணுதான்” என்றார். கூடத்துக்கு வந்து, அக்கா சொன்னபடிதான் செய்வேன் என்று சொல்லிவிட்டேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

மேடை நெடுக ஒரு பலகை போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் அக்கா சமைத்தார். கீல் மாற்ற, டிராயர் சரிசெய்ய என்று அவ்வப்போது போவேன். அடுப்பிலிருந்து சிங்குக்குப் போக அந்தப் பலகை மேலேயே நடப்பார். குறைத்துவிடலாமே என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன். “ஏறி நின்னாத்தாம்மா அவங்க பாக்க நினைச்சது தெரியுது” என்று ஜன்னலைக் காட்டினார். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த அடுப்படியில் தனியாக நிற்க எனக்குப் பயம். ஊர்ப்பட்ட கிச்சன் செய்திருக்கிறேன், எங்கேயும் இப்படி இருந்ததில்லை. மேடை, ஜன்னல், கைக்கு எட்டாத உப்பு ஜாடி எல்லாமே ஒரு ஆளுக்காக விலகி இடம் விட்டு நிற்கும். கை கழுவப் போனவர் துண்டில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்துவிடுவார் என்று தோன்றும். வேலை முடிந்ததும் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவேன்.

போன வருடம் நடவு நேரத்தில் அக்கா போன் செய்து, மேடையைக் குறைக்க வேண்டும் என்றார். மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டு போனேன். அது இல்லை. படிப்பு முடித்து வீட்டுக்கு வந்திருந்தாள் மகள். அவள் அத்தா, அந்த அண்ணனைப் போலவே நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். வீட்டில் அந்த மேடை பொருந்துகிற ஒரே ஆள் அவள்தான். ஒரு மதியம் தொழுதுவிட்டு வந்த அக்கா, மேடைக்கு முன்னால் தோளில் துண்டோடு நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த முதுகைப் பார்த்திருக்கிறார். “எப்ப வந்தீங்க?” என்று கேட்டுவிட்டார். திரும்பியது மகள்.

“அவ வெங்காயத்தைப் பாதியிலயே விட்டுட்டாம்மா. கத்தியை வச்சுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் அடுப்படிப் பக்கமே வரல. ராத்திரி கேக்குறா, ‘நீ என்னை எப்பவாச்சும் நானாப் பாத்திருக்கியாம்மா?’ன்னு.” அக்கா அழவில்லை. “அத்தா இல்லாம வளந்த புள்ள. அம்மாவும் இல்லாமப் போயிடக் கூடாதுல்ல. குறைச்சுடுங்க.” அடுப்பு இருக்கும் பக்கத்தை மட்டும் குறைக்கலாம், மறுபாதி அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றார். ஜன்னல் எட்டாது என்றேன். எட்டாட்டிப் போகுது என்றார். டேப்பை எடுத்தேன். இந்தமுறை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கிரானைட்டைப் பெயர்த்தபோது சுவரில் ஒரு தடம் தெரிந்தது. அதற்கு மேலே எண்ணெய் ஏறிப் பழுத்த டைல்ஸ், கீழே இத்தனை வருடம் வெளிச்சமே படாத வெறும் சிமெண்ட். பழைய மேடை இருந்த இடத்தில் கோடு போட்டதுபோல் இருந்தது. கொத்தனார் அதை மறைத்துப் புது டைல்ஸ் ஒட்டக் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். கையை மடக்கி முழங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள்; தடத்துக்குச் சரியாக நாலு விரற்கடை மேலே நின்றது.

“இதை மட்டும் மறைக்காதீங்க அக்கா” என்றாள் என்னிடம். “எங்க அத்தா எவ்வளவு உயரம்னு எனக்கு இதை வச்சுத்தான் தெரியும். அவங்க பக்கத்துல நின்னது எனக்கு ஞாபகமே இல்ல.”

அக்கா வாசலில் நின்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறாரோ என்று டேப்பைச் சுருட்டாமல் நின்றேன். மகளும் திரும்பாமல் அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

“பாப்பா,” என்றார் அக்கா, “கையெல்லாம் சிமெண்டு. கழுவிட்டு வா, சோறு வைக்கிறேன்.”

அவள் உடனே திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கொத்தனார் என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த ஒரு வரிசை டைல்ஸ் இன்றுவரை ஒட்டப்படவில்லை.