எனக்கும் பிரஷர் வந்தது

எனக்குப் பிறவியிலேயே ஹீமோபீலியா. அடிபட்டால் ரத்தம் எளிதில் உறையாது. சின்ன வயதிலிருந்தே முட்டிக்குள் கசிந்து கசிந்து இடது கால் முழுதாக நீளாமல் போயிற்று. கல்யாணம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அம்மா போன பிறகு செம்மண்டலத்தில் ஒற்றை அறை, மஞ்சக்குப்பத்தில் குமாஸ்தா வேலை. என் நாள் அதற்குள் முடிந்துவிடும்.

2008-ல், முப்பத்தொன்பது வயதில், முட்டி வீங்கி, ரத்தம் உறைவதற்கான ஊசி போட்டுக்கொள்ள சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். அன்றைக்கு இருந்த டாக்டரம்மா பிரஷரும் பார்த்தார். சற்று உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. எனக்குச் சிரிப்பு வந்தது. உறையாத ரத்தக்காரனுக்கு இதெல்லாம் வராது என்று எப்படியோ நம்பியிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மற்றவர்களைவிட எனக்குத்தான் இது ஆபத்து, தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தால் கசிவை நிறுத்துவது கஷ்டம் என்றார். முட்டிவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை பிரஷரையும் ஏற்றும், கசிவையும் கூட்டும் என்று அதை நிறுத்தச் சொன்னார். பிரஷருக்கு வேறு மாத்திரை எழுதினார். எழுதியபடியே கேட்டார்.

“வீட்ல யாரு இருக்காங்க?”

“யாரும் இல்லிங்க.”

“திடீர்னு தலவலி, வாந்தின்னா யாரு கூட்டியாருவாங்க?”

சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

அதன்பின் ஒவ்வொரு தலைவலிக்கும் பயந்தேன். வெயிலால் வந்ததா, அதுவேதானா என்று யாரைக் கேட்பது? கதவைத் தாழிடாமல் படுக்க ஆரம்பித்தேன். விழுந்து கிடந்தால் உடைக்க வேண்டியிருக்காதே.

நடந்தால் பிரஷர் குறையும் என்று அலுவலகத்தில் யாரோ பேசியது காதில் விழுந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டு நடப்பவர்களுக்குப் பின்னால் நானும் நொண்டி நடந்தேன். மூன்றாம் நாள் முட்டி பந்துபோல் வீங்கியது. லீவு சொல்லிவிட்டு பன்னும் தண்ணீருமாக அறையிலேயே கிடந்தேன். அப்படிக் கிடந்த நான்காம் நாள் பண்ருட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள். குடும்பக்காரியை எதற்கு அலையவைப்பது என்று அதுவரை அவளிடம் எதையும் சொல்லவில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏன்டா, நா ஒருத்தி உயிரோடதானே இருக்கேன்?” என்றாள்.

மத்தியானமே வந்து, ஆட்டோ வைத்து பஸ் ஸ்டாண்டுக்கும் அங்கிருந்து சிதம்பரத்துக்கும் கூட்டிப்போனாள். நடையை விடச்சொல்லி, உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டரம்மா. திரும்பி வந்ததும் அக்கா என் ஊறுகாய் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் போய், நான் இத்தனை வருஷம் மறைத்துவைத்திருந்த வியாதியைச் சொல்லி, என் அறைச் சாவி ஒன்றையும் கொடுத்துவிட்டாள். எனக்குக் கோபம். அவள் பஸ் ஏறும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ் போனபிறகு அது வருத்தமாக இருந்தது.

இரண்டு மாதத்தில் பிரஷர் இறங்கியது. மாத்திரையை விடவில்லை. வாசல் தெளிக்க இறங்கிவரும் வீட்டுக்காரம்மா ஜன்னலோரம் நின்று, “எழுந்தாச்சா?” என்று கேட்பார். “எழுந்துட்டேங்க” என்பேன். அலுவலகம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அன்றைய பேச்சு அவ்வளவுதான்.