சேதி கேட்டால் சேதியைச் சொல்லிவிடும் ஹுமைத்

ஹுமைதுக்கு மரியாதை தெரியாது என்று எங்கள் பாலைவனத்து ஊரான பிதிய்யாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போனை எடுத்தால், சலாம் சொல்லி முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறான். "என்ன சேதி?" என்று கேட்டால் "நல்ல சேதிதான், வேற ஒண்ணுமில்ல" என்பதுதான் எங்கள் பதில். வீட்டில் பிணம் கிடந்தாலும் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். ஒட்டகம், மழை, பிள்ளைகுட்டி எல்லாவற்றையும் விசாரித்து முடித்த பிறகுதான் உள்ளதைச் சொல்வோம்.

போன மாதம் இவன் என்னைக் கூப்பிட்டு, எடுத்த எடுப்பில், "உன் மச்சினன் கால ஒடச்சிக்கிட்டான், ஆஸ்பத்திரிக்குப் போ" என்றான். மனுஷனா இவன் என்று என் மனைவி கேட்டாள். அவன் ஏன் இப்படி ஆனான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவன் பக்கத்தில் இருந்தவன் நான்.

அவன் பட்டறைக்கு அடுத்தது என் டயர் கடை. மணலில் ஓடும் வண்டிகளுக்குப் பின் பம்பர் மாட்டுவதில் எங்கள் பக்கத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வண்டியோடு வருகிற பிளாஸ்டிக் பம்பர் மணல்மேட்டில் இறங்கும்போது ஒரே இடியில் பிய்ந்து தொங்கும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொக்கி வைத்த இரும்பு பம்பரை மாட்டுவான். தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். வண்டியின் அடிச்சட்டத்தில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு போல்ட். முதலில் நட்டுகளைக் கையால் மட்டும் திருகித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக வரும்வரை தட்டித் தட்டிப் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் நீளமான ஸ்பேனரைப் போட்டு முறுக்குவது. முறுக்கிய ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பான். அந்தக் கோட்டில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை கல்ஃபானின் லேண்ட் க்ரூஸர் வந்தது. கல்ஃபான், ஹுமைதின் தம்பி முஹன்னாவின் சிநேகிதன். மறுநாள் இருவரும் கூட்டாளிகளோடு மணலுக்குள் போய் ஆடு சமைத்துத் தின்பதாக ஏற்பாடு.

"சீக்கிரம் முடி ஹுமைது. வண்டிய மணல்ல பொதைக்கறதுக்குன்னே பொறந்தவன் உன் தம்பி. நாளைக்கி அவன இழுக்கத்தான் இந்தக் கொக்கியே" என்றான் கல்ஃபான்.

"இழுக்கறதுதான் இழுக்கற, அப்படியே ஒரு பொண்ணு வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டுரு" என்று வண்டிக்கு அடியிலிருந்து ஹுமைத் சொன்னான்.

பம்பரைத் தொங்கவிட்டு, இடைவெளி சரிபார்த்து முடித்த நேரத்தில் கல்ஃபானின் மாமா காபிக் குடுவையும் பேரீச்சம்பழமுமாக வந்து இறங்கினார். பெரியவர் வந்து நிற்கும்போது வண்டிக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு கிடக்க முடியுமா? ஹுமைத் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஆளுக்கு மூன்று கோப்பை ஆயிற்று. சேதிகள் ஆயின. அவர் கிளம்பும்போது தொழுகைக்கு அழைத்தார்கள். திரும்பி வந்து விளக்குகளின் ஒயரைச் சேர்த்தான், நம்பர் பலகையை மாட்டினான், துடைத்தான், சாவியைக் கொடுத்துவிட்டான். எல்லாவற்றையும் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். தன் வண்டிக் கதவில் விழுந்திருந்த கீறலுக்குப் பூசலாம் என்று ஹுமைத் அந்த வெள்ளைப் பெயிண்ட் புட்டியை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா?" என்றேன்.

"நேத்து கல்ஃபான் வேலைக்குன்னு வாங்குனது. சீல் ஒடையல."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோடு போடவில்லை என்றால் முறுக்கவில்லை. கையால் திருகிய நட்டு, மணல்மேட்டில் ஏறி இறங்கிய குலுக்கலில் எத்தனை நேரம் நிற்கும்?

மணலுக்குள் போன் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாலாவது தடவை கல்ஃபான் கிடைத்தான். குரல் எனக்கும் கேட்டது.

"ஹுமைதா? சலாம்ப்பா. என்ன சேதி?"

"நல்ல சேதிதான், வேற ஒண்ணுமில்ல" என்றான் ஹுமைத்.

நாற்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அவனைக் கேட்காமலே அது சொல்லிவிட்டது. அடுத்த வார்த்தைக்கு மூச்சை இழுத்தான்.

"அப்ப சரி. ஒந்தம்பி பொதைச்சிட்டான், போய் இழுக்க..." என்றது போன். அதோடு இணைப்பு அறுந்தது. அப்புறம் கிடைக்கவே இல்லை. ஹுமைத் கையிலிருந்த போனைப் பார்த்த பார்வையை நான் வேறு எந்த மனிதனிடத்திலும் பார்த்ததில்லை.

அவர்கள் வழக்கமாக ஆடு சமைக்கிற இடத்துக்கு என் வண்டியில் பறந்தோம். மணலில் புதையாமலிருக்க டயரில் காற்றைக் குறைக்க இறங்கலாம் என்றேன்; விடவில்லை. கடைசி மேட்டின் பாதியில் வண்டி புதைந்தது. கதவைத் திறந்து ஓடினான். நானும் பின்னாலேயே மூச்சிரைக்க ஏறினேன். உச்சியிலிருந்து பார்த்தால் கீழே எல்லாம் தயாராக இருந்தது. முன்னால் கல்ஃபானின் வண்டி. பின்னால் சக்கரம் புதைந்த முஹன்னாவின் வண்டி, அதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முஹன்னா. நடுவில், புது பம்பரின் கொக்கியில் மாட்டிய கயிறு; இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு சுண்டுமே, அந்தக் கயிறு.

ஹுமைத் கத்தினான். இரண்டு இஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கையை ஆட்டினான். சாப்பாட்டுக்கு வந்துவிட்டான் என்று நினைத்த கல்ஃபான் ஜன்னல் வழியே கையை ஆட்டினான். ஹுமைத் சரிவில் விழுந்தடித்து ஓடியதில் அவன் தொப்பி கழன்று உருண்டது. எங்கள் ஊரில் வளர்ந்த ஆண் வெறுந்தலையோடு வெளியே வரமாட்டான். அண்ணன் வெறுந்தலையோடு ஓடி வருகிறான் என்றால் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று முஹன்னா நினைத்திருக்கிறான். கதவைத் திறந்துகொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தான்.

கல்ஃபான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை ஒரு வெட்டு வெட்டி இழுத்தான்.

பம்பர் முழுசாகக் கழன்று வந்தது. அது பறந்ததை நான் பார்க்கவில்லை. கண்ணாடி உடைந்த சத்தம்தான் கேட்டது. பார்த்தபோது முஹன்னாவின் வண்டிக்குள் இரும்பு நின்றது. ஓட்டுகிறவன் தலை சாய்க்கிற இடம் பின் சீட்டில் கிடந்தது.

முஹன்னா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு முறைப்படியே கேட்டான்.

"என்ன சேதிண்ணே?"

"நட்ட முறுக்காம விட்டுட்டேன்டா" என்றான் ஹுமைத்.

பிறகுதான் முஹன்னா திரும்பித் தன் வண்டியைப் பார்த்தான். பார்த்துவிட்டு அண்ணனின் மேலேயே சாய்ந்தான்.

கல்ஃபான் இறங்கி வந்து அந்தச் சீட்டை எட்டிப் பார்த்தான். மணலில் உட்கார்ந்துவிட்டான். ஹுமைத் தட்டுத் தடுமாறி, சீல் உடையாத புட்டியைப் பற்றியும் போனைப் பற்றியும் சொன்னான். கல்ஃபான் திட்டுவான், அடிப்பான் என்று நான் பயந்தேன். அவன் மெதுவாகத்தான் பேசினான்.

"நான் கேட்டேனே ஹுமைது. என்ன சேதின்னு ஒன்ன கேட்டேனே."

அதற்கு ஹுமைத் அன்று ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரை எங்கள் எல்லோருக்கும் போனில், சலாம் முடிவதற்குள்ளேயே, அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.