கோடையில் உண்ணி எங்கே போகிறது

வீட்டின் மூத்த மருமகளுக்குக் குறடு என்று பட்டப்பெயர் வைத்தது அவள் கணவன்தான். மாட்டின் காதுமடலிலும் மடியோரத்திலும் தொங்கும் உண்ணியை, மாடு வாலைக்கூட ஆட்டாதபடி பிடுங்கி எடுக்கிற விரல்கள் அவளுக்கு. மருந்தும் வேண்டாம் மாயமும் வேண்டாம், எங்கள் வீட்டில் குறடு இருக்கிறது என்று பால்வண்டி போகிற தெருவெல்லாம் அவன் பீற்றிக்கொள்வான். அவளுக்கும் உச்சி குளிர்ந்துதான் போகும். இருபது வருஷத்துப் பெயர், லேசில் வந்ததா என்ன.

இன்னொரு குணமும் அவளுக்கு உண்டு. எதுவாக இருந்தாலும் ஏன், எப்படி என்று தெரிந்தாக வேண்டும். சுவர்க்கடிகாரம் நின்றால் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அந்தக் கோடையில் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இளையவள் வந்தாள். கன்றுக்குட்டியிலிருந்து தன் கையால் வளர்த்த செவலைப் பசுவைப் பிரிய மனமில்லாமல் அதையும் வண்டியேற்றிக் கூட்டி வந்தாள். வெயில் மண்டையைப் பிளக்க வேண்டிய மாதத்தில் அந்த வருஷம் வாரத்துக்கு இரண்டு மழை பெய்தது. எல்லாரும் குளுகுளுவென்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்களே தவிர, வேறு எதையும் யோசிக்கவில்லை.

வழக்கமாகக் கோடையில் கண்ணில் படாத உண்ணி, அந்த முறை கைநிறைய வந்தது. மழைக்காலம் தொடங்கியபோது வீட்டின் கிழட்டுக் கறுப்புப் பசுவுக்குக் காய்ச்சல் கண்டது. மூத்திரம் சிவப்பாகப் போனது. நான்காம் நாள் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. உண்ணிக் காய்ச்சல் என்றார் மாட்டு டாக்டர்.

உண்ணி எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை. செவலை வந்தது, உண்ணியும் வந்தது; அவ்வளவுதான் கணக்கு. மூத்தவள்தான் அதை உரக்கச் சொன்னாள். இளையவள் ஒரு வார்த்தை பதில் பேசாமல் செவலையை இரண்டு வேளையும் தேய்த்துக் கழுவினாள். மழைக்காலம் முடிந்ததும் செவலையை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. வாங்குகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் மூத்தவளுக்கு ஒரு சந்தேகம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் உண்ணி காணாமல் போகிறது, மழை வந்ததும் சொல்லி வைத்தாற்போலத் திரும்பி வருகிறது. நடுவில் எங்கே போகிறது? டாக்டரிடம் கேட்டாள். மண்ணில்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே அவர் ஸ்கூட்டரை உதைத்தார். மண்ணில் என்ன செய்யும் என்று கேட்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டார்.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று, ரத்தம் குடித்துக் கொழுத்த உண்ணிகள் இரண்டைப் பிடுங்கி, இரண்டு ஜாம் பாட்டிலில் போட்டு வாயைத் துணியால் கட்டினாள். ஒன்றை அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில் வைத்தாள், அது கோடை. இன்னொன்றில் ஈரத்துணியைப் போட்டுக் குளியலறை மூலையில் வைத்தாள், அது மழைக்காலம். பல் தேய்க்கப் போன கணவன் பாட்டிலைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் மனுஷன் குளிப்பதா வேண்டாமா என்று கத்தினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோடைக்கு வைத்த உண்ணி நாலைந்து நாளில் காய்ந்த திராட்சையாகிவிட்டது. மழைக்கால உண்ணியோ முட்டையிடத் தொடங்கியது. கசகசாவைவிடப் பொடியாக, பழுப்பாக, நாள் தவறாமல் இட்டுக்கொண்டே போனது. குவியல் தாயைவிடப் பெரிதாயிற்று. ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் பரப்பி ஊசிமுனையால் எண்ணப் பார்த்தாள். எண்ணூறு தாண்டியதும் கண் பூத்துவிட்டது. பாட்டிலில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. ஒன்றிலிருந்தா இத்தனை என்று வாயைப் பிளந்தாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமைக் காலையில் பாட்டிலின் உட்புறம் நகர்ந்தது. தூசிக்குக் கால் முளைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் குஞ்சுகள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மூச்சு விட்டாள். அத்தனையும் அவள் மூச்சை நோக்கி ஓடி வந்தன. பயந்து பின்வாங்கினாள், உடனே ஆசை தாங்காமல் மறுபடி ஊதினாள்.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகப் பிடுங்கிய உண்ணியை அவள் என்ன செய்தாள்? தொழுவத்துக் குட்டைச் சுவருக்கு அந்தப்பக்கம் வீசினாள். மாட்டுக்குப் புல் அறுக்கிற இடமும் அதுதான்.

போய்ப் பார்த்தாள். எந்தக் கோடையிலும் அந்த இடம் மொட்டையாகக் காய்ந்து வெடித்துக் கிடக்கும். இந்த வருஷம் அது காயவே இல்லை. புல் முழங்கால் உயரம் நின்றது. குனிந்து ஒரு புல்லின் நுனியில் ஊதினாள். நுனியிலிருந்த பழுப்புத் திட்டு விழித்துக்கொண்டு கால்களை நீட்டியது. அடுத்த புல்லிலும் அப்படியே. அத்தனை வருஷமும் அவள் போட்ட குப்பையை வெயில்தான் கூட்டிப் பெருக்கியிருக்கிறது. இந்த ஒரு வருஷம் வெயில் வேலைக்கு வரவில்லை. செவலை வந்தது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

வாங்குகிறவர் குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள்தான் பாக்கி. பேசாமல் இருந்துவிட்டால் குறடு என்ற பெயர் மிஞ்சும், செவலை போய்விடும். ராத்திரிக்குள் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்து விழுங்கினாள். காலையில், வாசலில் செவலையைக் கட்டிவிட்டு இளையவள் நின்றபோது, எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"செவலை மேல தப்பில்ல. உண்ணிய வளர்த்தது நான்தான்."

கணவன் சிரித்தான். அவள் பாட்டிலைக் காட்டினாள். சுவருக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் புல்லில் ஊதிக் காட்டினாள். சிரிப்பு அடங்கியது. அவன் போனை எடுத்து, வர வேண்டாம் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான்.

செவலையின் பக்கத்தில் அவர்கள் இருவரும்தான் மிஞ்சினார்கள். இளையவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "வந்த அன்னைக்கே பார்த்தேன்க்கா, நீங்க தூக்கி வீசறத. எங்க வீட்டுல சோப்புத் தண்ணியில போட்டுக் கொன்னுடுவோம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

மூத்தவள் முட்டைகளை எண்ணியபோது இருந்த அதே கவனத்தோடு தன்னையே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"மாட்டேன்" என்றாள்.

வந்த நாளிலிருந்து யார் முன்னாலும் கண் கலங்காத இளையவள், அதைக் கேட்டதும் செவலையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.