ஈரலைத் தாண்டிய மருந்து

ஆய்வாளர் நரேல் தான் கலக்கும் ஒவ்வொரு குப்பியையும் சன்னலருகே கொண்டுபோய், தன் கறுப்புச் சட்டைக் கைக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பாள். நீரில் மெல்லிய நீலம் தெரிந்தால் கொழுப்புத் துகள்கள் சரியாகச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். மெல்பர்னில் அவள் வேலை செய்யும் ஆய்வகத்தின் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிற நான் பதினோரு ஆண்டுகளாக இதைப் பார்க்கிறேன்.

அந்தத் துகள்களுக்குள் மரபணு மருந்தை வைத்து, நோயுற்ற நுரையீரலுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் ஊசி போட்டால் எல்லாம் ஈரலுக்கே போய்விடும். கொழுப்பை மாற்றி மாற்றி இருநூற்றுப் பன்னிரண்டு கலவைகள் செய்துவிட்டாள் நரேல். அடுத்ததும் ஈரலுக்குப் போனால் நுரையீரல் ஆய்வையே நிறுத்திவிடுவதாகத் தலைவர் கோஸ்டா சொல்லியிருந்தார்.

மருந்து சேருமிடம் ஒளிரும்படி செய்திருந்தார்கள். ஊசி போட்ட சுண்டெலியை இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் படமெடுத்ததும் கோஸ்டா முகம் சுளித்தார்.

"எலியத் தலைகீழா வச்சிருக்க நரேல், வெளிச்சம் மேல தெரியுது. திருப்பி வை."

"மொதல்ல கண்ணாடிய மாட்டு கோஸ்டா. நெத்தி மேலதான இருக்கு?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு திரைக்கு இன்னும் அருகே குனிந்தார்.

நரேல் கழுவும் அறையின் திறந்த வாசலுக்கு வந்து என்னை அழைத்தாள். "ட்ரூடி, கையத் தொடச்சிட்டு ஓடி வாடி!"

திரையில் ஈரல் இருண்டு கிடந்தது. கட்டைவிரல் அகல நெஞ்சுக்குள் இரண்டு நுரையீரலும் ஒளிர்ந்தன. கண்ணுக்கே தெரியாத ஒன்று, அத்தனை இரத்தத்திலும் மிதந்து, போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது.

இப்போது அதே கலவையை ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மனிதருக்கு இன்னும் கொடுக்கவில்லை.