மாத்தளையில் மட்டும் செத்துப்போன கப்டன்

மார்ஜரியின் இருபத்து நான்கு வருட வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய காரியம், ஒரு புத்தகத்தைப் பற்றி அவள் அபிப்பிராயம் சொன்னது. அதுவும் பிழையான அபிப்பிராயம்.

அவளை அறிந்தவர்களுக்கு, அவள் வாய் திறந்து ஏதோ சொன்னாள் என்பதே பெரிய செய்தி. இரத்தோட்டையில் பஸ் ஏறி மாத்தளையில் இறங்கும் வரைக்கும், பக்கத்தில் இருப்பவரின் மூட்டை மடியில் ஏறி உட்கார்ந்தாலும் 'கொஞ்சம் தள்ளி வைங்க' என்று சொல்ல மாட்டாள். "இங்கிலீசும் தமிழும் படிக்க வச்சேன், ரெண்டுலயும் பேசாம இருக்கக் கத்துக்கிட்டு வந்திருக்கு" என்பாள் அம்மா சூசையம்மா. டவுனில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணிப் பத்திரங்களான உறுதிகளைத் தட்டெழுதுவது அவளுடைய வேலை. வடக்கே ஓடை, கிழக்கே மிளகுத் தோட்டம் என்று நாள் முழுக்கப் பிறருடைய எல்லைகளைத் தட்டிவிட்டு, தன் எல்லைக்குள் அடங்கி வீடு திரும்புவாள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் அவள் வாசகர் வட்டத்துக்குப் போவாள். தபால் கந்தோரில் வேலை செய்து இளைப்பாறிய லோரன்ஸ் அங்கிளின் முன்னறையில் அது கூடும். எட்டுப் பேர். ஒரு புத்தகம், அதோடு சேர்த்துக் கட்டிய ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி. புத்தகம் யார் கைக்குப் போகிறதோ, அவர் அந்த அபிப்பிராயக் கொப்பியில் அரைப் பக்கமாவது எழுதித்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். புத்தகத்தைப் படிக்காதவருக்கு வட்டத்தில் மன்னிப்பு உண்டு. கொப்பியில் எழுதாதவருக்குக் கிடையாது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, லோரன்ஸ் அங்கிளின் மகன் கனடாவிலிருந்து ஓர் ஆங்கில நாவல் அனுப்பியிருந்தான். 'பன்னிரு நிலவுகள்' என்று மூன்று பாகமாக வந்த விண்வெளிப் படத்தின் தொடர்ச்சி. படம் விட்ட இடத்திலிருந்து கதை தொடர்கிறது என்று அட்டையிலேயே போட்டிருந்தது.

படம் விட்ட இடம் மாத்தளையில் எல்லோருக்கும் தெரியும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மஹ்ரூபின் வீடியோ கடையில்தான் ஊரே அந்தப் படத்தைப் பார்த்தது. மூன்றாம் பாகத்தின் முடிவில் கப்டன் ரோவல், எதிரியின் ஆயுதத்தைத் தன் கப்பலில் கட்டி இழுத்துக்கொண்டு நேரே சூரியனுக்குள் போவார். திரை முழுக்க வெள்ளையாகும். அவ்வளவுதான். உடனே ஒரு மணப்பெண் தலையில் சரிகை முக்காட்டோடு வந்து நிற்பாள், வட்டிலப்பம் பரிமாறப்படும்.

அதைப் பார்த்து யாரும் குழம்பவில்லை. மஹ்ரூபின் கடையில் வால் இல்லாத வீடியோ கெசட் கிடையாது. சண்டைப் படம் முடிந்த கையோடு யாரோ ஒரு குழந்தை பிறந்தநாள் கேக்கை வெட்டும். பேய்ப் படத்துக்குப் பின்னால் கிரிக்கெட் ஓடும். பழைய கெசட்டின் மேல் படத்தை அடித்தால் பழையதின் மிச்சம் கடைசியில் தெரியும் என்பது சின்னப்பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஆகவே மணப்பெண் வந்ததும் படம் முடிந்தது என்று அர்த்தம். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கெசட்டை வெளியே எடுத்தார்கள். மார்ஜரி மூன்று தடவை அப்படித் துடைத்தவள்.

வட்டத்தில் ஆங்கிலம் சரளமாகப் படிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். அதில் லோரன்ஸ் அங்கிள் கண்ணில் ஒப்பரேஷன் செய்து பச்சைக் கண்ணாடியோடு இருந்தார். மார்ஜரி முதலில் படித்துக் கதையைச் சொல்வது, மற்றவர்கள் அதைக் கேட்டு அபிப்பிராயம் எழுதுவது என்று முடிவாயிற்று.

புத்தகத்தின் முதல் மூன்று பக்கங்கள் பொடி எழுத்தில் 'இதுவரை நடந்தது' என்று இருந்தன. மார்ஜரி அவற்றைப் புரட்டிவிட்டாள். மூன்று தடவை படம் பார்த்தவளுக்கு முன்கதை எதற்கு? பஸ்ஸிலேயே முதல் அத்தியாயத்தைத் திறந்தாள். கப்டன் ரோவல் ஒரு நிலவில் உட்கார்ந்து இடது கையால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வந்த கோபத்தில் பஸ் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நின்றதுகூடத் தெரியவில்லை. எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு வரிசையில் நடந்தார்கள். ராணுவச் சிப்பாய் ஒருவன், கலேவெலப் பக்கத்துப் பையன், அவளுடைய பையைத் திறந்தான். அட்டையில் நெருப்புக் கக்கும் ராக்கெட். தமிழ்ப் பெண்ணொருத்தி யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ராக்கெட் படத்தோடு சோதனைச் சாவடிக்கு வருவது புத்திசாலித்தனம் அல்ல.

சிப்பாய் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தங்கச்சி என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டான். "நங்கி, இது மூணாவது படத்துக்குப் பிறகு வாற கதையா?"

"ஆமா." அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

"கேம்புல கெசட் எடுத்துப் பார்த்தோம். கப்டன்தான் செத்துட்டாரே?"

"இதுல உயிரோட இருக்காரு."

அவன் புத்தகத்தைப் பைக்குள் திருப்பி வைத்தான். "அது நல்லதுதானே நங்கி. செத்தவங்கள்ல ஒருத்தராவது திரும்பி வரட்டுமே."

மார்ஜரி மனதுக்குள் அந்த வசனத்தைக் குறித்துக்கொண்டாள், பின்னால் நக்கலடிக்க உதவும் என்று.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் கதையைச் சொன்னதும் அறை கொதித்தது.

"செத்தவன எழுப்புறதுக்கு இவன் யாரு?" என்றார் லோரன்ஸ் அங்கிள். "மூணாம் நாள் எழும்புற உரிமை ஒருத்தருக்குத்தான் இருக்கு."

தையற்கடை மாரிமுத்து அண்ணன் அதைவிடச் சூடாக இருந்தார். "கிழிஞ்சத தச்சுக் குடுக்கலாம். எரிஞ்சு சாம்பலானதத் தைக்க முடியுமா? எழுதினவருக்குக் கத்தரிக்கோல் புடிக்கவே தெரியல்ல."

எட்டுப் பேரும் ஒரே அபிப்பிராயம். சாவடிச் சிப்பாயையும் சேர்த்தால், கப்டன் செத்தார் என்பதில் மட்டுமாவது இந்த நாட்டின் எல்லாச் சனமும் ஒன்றுபட்டிருந்தது. அவர்கள் எல்லோரும் ஒரே கெசட்டைப் பார்த்தவர்கள் என்பதோ, நாவலை மார்ஜரியின் ஒரு வாயால் கேட்டவர்கள் என்பதோ அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மார்ஜரியின் அரைப் பக்கம் நாலு பக்கமாயிற்று. பேசாதவளின் பேனா அன்றைக்குத்தான் வாய் திறந்தது. 'இந்த எழுத்தாளர் படத்தைப் பார்த்தாரா என்பதே ஐயம்' என்று தொடங்கினாள். 'கப்டனுக்கு எந்தக் கை பழக்கம் என்றுகூட அறியாமல் இடது கையில் கோப்பையைக் கொடுத்திருக்கிறார்' என்றாள். 'செத்தவர் திரும்பினால் நல்லதுதானே என்று திருப்தியடையும் எளிய வாசகர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நாம் பேச வேண்டியதில்லை' என்று முடித்தாள். முடித்துவிட்டு மூன்று தடவை வாசித்துப் பார்த்தாள். தன்னைத் தானே மெச்சிக்கொள்வது எவ்வளவு சுகமான வேலை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

லோரன்ஸ் அங்கிள் அதைக் கொழும்பில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். அவர்களும் போட்டுவிட்டார்கள், 'படம் பார்க்காதவர் எழுதிய நாவல்' என்ற தலைப்பில். கூடவே ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம். எழுத்தில் துணிச்சல் இருக்கிறது, மாதம் ஒரு தடவை புத்தகப் பத்தி எழுதும் யோசனை உண்டா, இன்னொரு கட்டுரை அனுப்பினால் முடிவு செய்யலாம்.

சூசையம்மா பத்திரிகையை மீன்காரனிடம்கூடக் காட்டினாள். மார்ஜரி கடிதத்தைத் தட்டெழுத்து இயந்திரத்தின் அடியில் வைத்துக்கொண்டாள். உறுதிகளின் நடுவே அவ்வப்போது அதை எடுத்துப் பார்ப்பாள். யாரிடமும் பேசாமலே ஊரோடு பேச ஒரு வழி. அவளுக்கு அதைவிட வேண்டியது வேறொன்றும் இல்லை.

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு வட்டத்துக்கு ஒரு புது ஆள் வந்தாள். மஹ்ரூபின் தங்கை நூருன்னிஸா, இடுப்பில் குழந்தையோடு.

"நீங்கதானே பேப்பர்ல எழுதின மிஸ்?" என்று நேரே மார்ஜரியிடம் வந்தாள். "என்ட கலியாணம் ஈக்கிற கெசட்டப் பத்தித்தானே எழுதியீக்கிறீங்க?"

"ஓ, அந்தக் கல்யாணம் உங்களோடதா?" மார்ஜரி கொஞ்சம் பெருந்தன்மையாகவே சிரித்தாள். "பாவம், ஒங்க கல்யாணத்துக்கு மேலேயே படத்த அடிச்சிட்டாங்க."

"கலியாணத்துக்கு மேலயா? இல்ல மிஸ். படம் வந்து ஒரு வருஷத்துக்குப் பொறகுதானே என்ட கலியாணம். சாப்பாடு வெக்கிற நேரம் பார்த்துக் கெமராக்காரர்ட கெசட் முடிஞ்ச. மஹ்ரூப் நானா கடைக்கு ஓடிப்போய், அந்தக் கெழமதான் வந்து எறங்கின ஒண்டு கையில அம்பிட, அத எடுத்துட்டு வந்தாரு. அது ஏதோ கப்பல் படம், கடைசி கொஞ்சம்தான் அழிஞ்சி போச்சி, ஆரும் பார்க்க மாட்டாங்கண்டு சென்னாரு."

அறையில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. மாரிமுத்து அண்ணன் குழந்தைக்கு விசில் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மார்ஜரி தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்தாள், பேசாமல் இருந்தாள். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பொடி எழுத்தில் இருந்த அந்த மூன்று பக்கங்களைத் திறந்தாள்.

இரண்டாவது பந்தியின் முதல் வரியிலேயே இருந்தது. சூரியனுக்குள் விழும் கடைசி நொடியில் கப்டன் ரோவலை ஒரு சிறு கப்பல் மீட்கிறது. அவருடைய வலது கை எரிந்துபோகிறது.

இடது கைத் தேநீரின் காரணம் அதுதான். படம் பார்க்காதவர் யார் என்று அச்சிலேயே கேட்டாயிற்று. பதில் இரத்தோட்டை பஸ்ஸில் இருந்தது.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் லோரன்ஸ் அங்கிளிடம் ஓடினாள். அவர் பச்சைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார். "வெளிய சொல்லாதீங்க மகள். கொழும்புக்காரனும் படத்தப் பார்க்கல்ல, பார்த்திருந்தா போட்டிருப்பானா? மொதல்ல பத்தி கெடைக்கட்டும். ரெண்டு வருஷம் போனா எல்லாரும் மறந்துருவாங்க."

நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் படுவதற்கு அவளும் நன்றாக ஒத்துழைத்தாள். அன்று மாலை பஸ்ஸில் அடுத்த கட்டுரையின் முதல் வரியைக்கூட யோசித்துவிட்டாள்.

பாலத்தடியில் அதே சிப்பாய் நின்றான். "நங்கி, நீங்க பேப்பர்ல எழுதியிருக்கீங்களாமே. கொண்டக்டர் சொன்னாரு. என்ன எழுதினீங்க?"

"கப்டன் திரும்பி வந்தது பிழைன்னு."

அவனுடைய முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு அது வெளங்கல்ல."

மார்ஜரி வாயைத் திறந்தாள். கப்டன் சாகவேயில்லை, நீ சொன்னதுதான் சரி, நான்தான் முட்டாள். இதைச் சிங்களத்தில் சொல்ல ஆறேழு சொற்கள் போதும். ஒன்றும் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ள, அவள் நகர்ந்து, பஸ்ஸில் ஏறினாள். இத்தனை நாளும் அடக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த குணம், ஒரு நல்ல செய்தியைச் சொல்லக்கூட உதவாத சாமான் என்று அப்போது தெரிந்தது. அடுத்த கட்டுரையின் முதல் வரி இரத்தோட்டை வருவதற்குள் மறந்துபோயிற்று.

அடுத்த கடைசி ஞாயிறு அவள் கொப்பியில் புதிதாக எழுதியதை எழுந்து நின்று வாசித்தாள். கொப்பியின் ஒரு பக்கத்தை நூருன்னிஸா பிடித்துக்கொண்டாள். தான் முன்கதையைப் படிக்காததையும், கெசட்டின் கதையையும், மூன்று பக்கங்களையும் சொல்லி முடித்தாள்.

யாரும் நம்பவில்லை. கடையிலிருந்து மஹ்ரூபைக் கூட்டி வந்தார்கள்.

"சரிதான்," என்றார் மஹ்ரூப் தலையைச் சொறிந்துகொண்டு. "கடைசி இருவது நிமிஷம் தங்கச்சிட கலியாணம்தான். மூணு வருஷமா ஆரும் வந்து ஒரு கொற சொல்லல்லயே. எல்லாரும் அழுதுட்டு, நல்ல படம்டுதானே சென்னீங்க?"

"அப்போ என்ட கலியாணத்தாலயா அந்த மனுஷன் செத்த?" என்று நூருன்னிஸா நெஞ்சில் கை வைத்தாள்.

"அதெல்லாம் முடியாது!" மாரிமுத்து அண்ணன் எழுந்துவிட்டார். "மூணு வருஷமா செத்துக் கெடந்த ஆளு இப்ப வந்து உசுரோட இருக்கேன்னா எப்படி? நான் அழுத அழுகைக்கு என்ன பதில்? வட்டிலப்பத்துக்கா அழுதேன்?"

கடைசியில் லோரன்ஸ் அங்கிள் வாக்கெடுப்பு நடத்தினார். மஹ்ரூப் நீங்கலாக ஒன்பது பேரில் கப்டன் செத்தார் என்று ஏழு பேர் கை தூக்கினார்கள். இருக்கிறார் என்று இரண்டு பேர். அபிப்பிராயக் கொப்பியில் அது அப்படியே பதிவாயிற்று. நூருன்னிஸா அதற்குக் கீழே தன் பங்கை எழுதினாள்: 'கப்டன் வந்தது நல்லம். எனக்கு மனசு லேசாயிட்டு.'

மார்ஜரி வாசித்ததை அப்படியே பத்திரிகைக்கும் அனுப்பினாள். சிப்பாயின் வசனத்தை மட்டும் மேலே கொண்டுவந்து முதல் வரியாக வைத்தாள். 'எளிய வாசகர்' என்று நக்கலாக எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டாள். அவர்கள் அதை வாசகர் கடிதப் பகுதியில் மூலையில் போட்டார்கள். பெயர் 'மார்கரட்' என்று வந்திருந்தது. புத்தகப் பத்தியை மறுமாதத்திலிருந்து வேறொருவர் எழுதினார். அவர் நன்றாகவே எழுதினார் என்பதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

பத்திரிகைத் துண்டைச் சிங்களத்தில் சொல்லிக் காட்டப் பஸ்ஸில் இரண்டு நாள் மனப்பாடம் செய்தாள். மூன்றாம் நாள் பாலத்தடியில் இறங்கினாள். வேறொரு சிப்பாய் நின்றான். முன்பு நின்றவரா, அவரை வடக்கே சண்டைக்கு அனுப்பிப் பத்து நாளாயிற்று என்றான். பெயர் கேட்டு வைத்திருக்கிறீர்களா என்றான். அவள் கேட்டு வைக்கவில்லை.

புதியவன் பைக்குள் கையை விட்டுப் புத்தகத்தை வெளியே எடுத்தான். ராக்கெட்டைப் பார்த்துப் புருவத்தை நெரித்தான். "இது என்ன?"

"கதைப் புத்தகம்." வழக்கமாக மார்ஜரி அதோடு நிறுத்தியிருப்பாள். "ஒரு படத்தோட தொடர்ச்சி. சூரியனுக்குள்ள கப்பலக் கொண்டு போவாரே ஒரு கப்டன், அந்தப் படம். பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன், மாத்தளைக் கெசட்ல. செத்துட்டாரு."

"சாகல்ல," என்றாள் மார்ஜரி. "வந்து..." என்று தொடங்கினாள். பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். அவள் சின்னக் கப்பலில் தொடங்கி, எரிந்த வலது கை வழியாக, இடது கைத் தேநீர் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள்.